மஹ்ரூப் செய்ய மறுத்த சத்தியம்

கட்டுக்கலையில் பள்ளிவாசலுக்குப் போகும் சந்தில், வீரையாவின் தேத்தண்ணிக் கடையும் ரபீகாவின் வீடும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. வீதிப் பக்கம் கடை, பின்பக்கம் வீடு. நடுவில் செங்கல் சுவர் கிடையாது, பலகை அடைப்புத்தான். அந்தப் பலகையில் தட்டு நுழையும் அளவுக்கு ஒரு சின்னக் கதவு உண்டு. விடிவதற்குள் ரபீகா இடியப்பத் தட்டை அதன் வழியே நீட்டுவாள். வீரையா வாங்கி வைப்பார். கடைக்கு வருகிறவர்கள் அவளுடைய இடியப்பத்தைத் தின்றிருந்தார்களே தவிர, அவள் முகத்தைப் பார்த்ததில்லை, குரலையும் கேட்டதில்லை. அவர்கள் பேசியதெல்லாம் அவளுக்குக் கேட்கும். அதில் பாதிப் பேச்சு அவளுடைய தம்பி மஹ்ரூபைப் பற்றியதாகவே இருக்கும்.

மஹ்ரூப் பிறந்தபோதே உம்மா மௌத்தாகிவிட்டார். வாப்பா முஹைதீன் ஹக்கீம், யூனானி வைத்தியர். அம்மியும் உரலும் ஜாடிகளும்தான் அவர் வைத்துவிட்டுப் போன சொத்து. தம்பியைத் தூக்கி வளர்த்தது ரபீகா. ஐந்தாம் வகுப்போடு அவன் பள்ளிக்கூடம் நின்றது. அதற்கப்புறம் கறுப்பையா முதலாளியின் சைக்கிள் கடையில் சேர்ந்தான். முதலில் பஞ்சர் ஒட்டினான். பிறகு சக்கரச் சில்லுக்குக் கம்பி கோத்தான். கம்பியை ஒவ்வொன்றாக விரலால் சுண்டி, சத்தத்தைக் கேட்டே எது தளர்வு எது இறுக்கம் என்று சொல்வான். அந்தச் சத்தத்தைக் கேட்கும்போது அவன் தலை ஒரு பக்கமாகச் சாயும். தொழுகையில் ஸலாம் கொடுக்கிற மாதிரி இருக்கும் என்று ரபீகா நினைத்துக்கொள்வாள்.

ஒருநாள் பேராதனைக்கு ஒரு சைக்கிளை ஓட்டிக்கொண்டு போய்க் கொடுக்கச் சொல்லி அனுப்பினார் முதலாளி. போகிற வழியில் ஒரு மோட்டார் பஸ்ஸை முந்திவிட்டானாம். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்களாம். அந்தக் கத்தல் முதலாளியின் காதுக்கும் போனது. அன்றிலிருந்து மஹ்ரூப் சைக்கிள் பந்தயங்களில் கடைக்காக ஓடினான். சைக்கிள் கடையுடையது, சட்டையில் கடையின் பெயர், ஓடுவதற்குச் சம்பளம். கிளப்பில் விளையாட்டுக்காக ஓடுகிற பிள்ளைகள் வேறு. இவனைக் “கூலிக்கு ஓடுறவன்” என்றார்கள். ரபீகாவுக்கு அந்தச் சொல் பிடிக்காது. ஆனாலும் அவன் வென்ற பந்தயம் ஒவ்வொன்றும் அவளுக்கு மனப்பாடம். எந்த வீதி, யார் இரண்டாவது, மழை பெய்ததா இல்லையா என்று கேட்டால் வரிசையாகச் சொல்லுவாள்.

பிறகு அந்த மலேரியா வருஷம் வந்தது. கண்டியைச் சுற்றி வீட்டுக்கு வீடு காய்ச்சல். மஹ்ரூபும் படுத்தான். எழுந்தபோது முழங்கால் முட்டி மட்டும் பெரிதாகத் தெரிந்தது. தொடை குச்சியாகியிருந்தது. இனி இவன் ஓடமாட்டான் என்று கடையில் பேசினார்கள். ரபீகா வாப்பாவின் ஜாடிகளைக் கழுவி எடுத்தாள். பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி அரைத்தாள். வாதுமை, கசகசா, ஏலக்காய், கொஞ்சம் சுக்கு, இவற்றை நெய்யில் வறுத்துத் தேனில் கிண்டி, விரலில் ஒட்டாத பதத்தில் இறக்கினாள். வாப்பா இப்படித்தான் செய்வார், இப்படித்தான் பெயர் சொல்வார். யூனானி வைத்தியத்தில் தேனில் கிண்டிய மருந்து எதுவாக இருந்தாலும் அதற்கு மாஜூன் என்று பெயர். இருமலுக்கு ஒரு மாஜூன், வயிற்றுக்கு ஒரு மாஜூன், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாஜூன். அந்த வீட்டில் அது சீனி, உப்பு மாதிரி ஒரு சொல்.

மஹ்ரூப் தேறினான். மறு வருஷம் கம்பளைக்குப் போய்த் திரும்பும் வீதியோட்டத்தில் கொழும்பிலிருந்து வந்தவனை வெகு தூரம் பின்னால் விட்டு முதலாவதாக வந்தான். வீரையாவின் கடையில் அன்று சத்தம் தாங்க முடியவில்லை. ரபீகா பலகையில் காதை வைத்துக்கொண்டு, தொழுத விரிப்பைக்கூட மடிக்காமல் நின்றாள்.

பக்கத்து வீட்டு ஹபீலா அடுத்த வாரம் அடுப்படிக்கு வந்து மூக்கை உறிஞ்சினாள்.

“எனத்த கிண்டுற? வாசம் தெரு முனை வரைக்கும் வருது.”

“தம்பிக்கு மாஜூன். போகம்பறையில ரேஸ் வருதல்லவா. அதுக்குத்தான்.”

“அதத் திண்டுட்டுத்தான் கம்பளையில பறந்தானா?”

“பின்னே!” என்றாள் ரபீகா. பெருமையில் கரண்டியை ஓங்கிக் காட்டினாள்.

இரண்டு நாள் கழித்து, பின்னேரம், இடியப்ப உரலில் மா பிசைந்து போட்டுக்கொண்டிருந்தபோது பலகைக்கு அந்தப் பக்கம் பேச்சு தொடங்கியது.

“போன வருசம் காய்ச்சல்ல குச்சியாட்டம் கெடந்த ஆளு. இந்த வருசம் கொழும்புக்காரன் அவரு முதுகைத்தான் பாத்துக்கிட்டு வந்தான். அதாண்டா ஓட்டம்!” இது அங்கமுத்து. முனிசிப்பல் தண்ணீர்க் குழாய் வேலை அவனுக்கு. மஹ்ரூப் ஓடும் நாளில் கட்டுக்கலைக் குழாயில் தண்ணீர் வருமா வராதா என்பது அவன் எங்கே நின்று கைதட்டுகிறான் என்பதைப் பொறுத்தது.

“அதைத்தான் நானும் கேக்கிறன்,” என்றார் மயில்வாகனம். ரயில்வே அலுவலகத்தில் கிளாக்கர். பந்தயக் குழுவின் செயலாளரும் அவர்தான். “குச்சி மாதிரிக் கிடந்தவனுக்கு உந்தப் பெலன் எங்கையிருந்து வந்தது? சீமையிலை ஆறு நாள் ஓட்டம் எண்டு ஒண்டு நடத்துறாங்கள், தெரியுமே? இரவு பகலாய் ஓடுவாங்கள். பிராந்தி, எட்டிக்கொட்டைச் சத்து, இன்னும் என்னென்னவோ குடிச்சுப்போட்டுத்தான் ஓடுறாங்களாம். பேப்பரிலை வாசிச்சனான். காசுக்கு ஓடுறவனுக்கு உடம்பு ஒரு மெசின். எண்ணெய் விட்டால் ஓடும்.”

“அப்ப காசு வாங்காம ஓடுற தொரைமாரு மட்டும் யோக்கியங்களா? கிளப்புல விஸ்கிய ஊத்திக்கிட்டுத்தான டென்னிஸ் ஆடுறாங்க!”

“அது விளையாட்டு முடிஞ்ச பிறகு காணும்.”

“நீங்க கிட்ட நின்னு ஊத்திக் குடுத்தீங்களாக்கும்!”

சிரிப்பு அடங்குமுன் ஹபீலாவின் புருஷன் குரல் வந்தது. “அவன் மாஜூன் திங்கிறானாம். வேற யாரும் செல்லல்ல, அவன்ட ராத்தாவே எங்க ஊட்டுப் பொம்புளக்கிட்ட செல்லியீக்கி.”

“மாசூனா?” என்றார் வீரையா. கோப்பை கழுவிக்கொண்டே, எந்தக் கள்ளமும் இல்லாமல் விளக்கினார். “எங்க ஊருப் பக்கம் மாசூன்னா கஞ்சா எலைய நெய்யில வதக்கி, வெல்லம் போட்டு உருட்டுவாங்க. ஒரு உருண்ட போட்டா மலை மேல ஏறுறவன் பள்ளத்துல எறங்குற மாதிரி...” அதோடு நிறுத்திக்கொண்டார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். கோப்பை கழுவும் சத்தமும் நின்றது.

ரபீகாவின் கை உரலின் பிடியிலேயே இருந்தது. மா பாதி பிழிந்து பாதி தொங்கியது.

“இது நல்லதுக்கில்லை,” என்றார் மயில்வாகனம். “காதிலை விழுந்ததைக் கேளாத மாதிரி நான் இருக்கேலாது. சனிக்கிழமை போகம்பறையிலை இவன் பேர் முதல் பேர். வெளியூர்க்காரர் வருகினம். பேந்து கண்டிக்காரன் கஞ்சாவிலை ஓடுறான் எண்டு கதை போனால் ஆருக்கு வெக்கம்? குழுவிலை சொல்லத்தான் வேணும்.”

அன்றிரவு மஹ்ரூபுக்குச் சோறு போட்டபடியே ரபீகா எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிப்பான், வீரையாவைக் கூப்பிட்டுக் கேலி செய்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. “செல்லுறவன் செல்லட்டும், ராத்தா,” என்று மட்டும் சொல்லிவிட்டு, மீன் முள்ளை நிதானமாக எடுத்து வைத்தான்.

அந்த நிதானம் அவளைத் தூங்கவிடவில்லை. கம்பளை ஓட்டம் முடிந்து அவன் வீட்டுக்கு வந்த கோலம் நினைவுக்கு வந்தது. கண் அகல விரிந்திருந்தது. தாடை இறுகியிருந்தது. சோற்றைத் தொடவில்லை. அதிகம் பேசாதவன் அன்று விடிய விடியப் பேசினான். கை நடுங்கியதால் தேத்தண்ணி உடுத்திருந்த சாரத்தில் சிந்தியது. வென்ற சந்தோஷம் என்று அவள் நினைத்திருந்தாள். வென்ற சந்தோஷத்தை அதற்கு முன்னும் பார்த்திருக்கிறாள். அது இப்படி இருந்ததில்லை. இருட்டில் எழுந்து ஜாடியைத் திறந்து ஒரு விரல் வழித்து வாயில் வைத்தாள். பேரீச்சம்பழமும் ஏலமும்தான் நாக்கில் பட்டது. அதிலே ஒன்றும் இல்லை. அப்படியானால் அந்த நடுக்கம் எதிலிருந்து வந்தது? அந்தக் கேள்வியை அதற்கு மேல் நீட்டப் பயந்து ஜாடியை மூடினாள்.

மறுநாள் பின்னேரம் கடை நிரம்பியிருந்தது. பேச்சு ஒரே இடத்தில் சுற்றியது. மஹ்ரூபின் குணம் எப்படிப்பட்டது, கூலிக்கு ஓடுகிறவனுக்கு மானம் உண்டா, போதையில் ஓடினால் அது ஓட்டமா. ஒருத்தன் அவனைப் பச்சைக் கள்ளன் என்றான். அங்கமுத்து கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்த சத்தம் கேட்டது.

ரபீகா முக்காட்டை இழுத்துவிட்டாள். ஜாடியை எடுத்தாள். பலகைக் கதவைத் திறந்து அதை அந்தப் பக்கம் தள்ளினாள். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, அந்தக் கடைக்குக் கேட்கும்படி பேசினாள்.

“வீரையாண்ணே. இதுதான் எங்கட தம்பி திங்கிற மாஜூன். எங்கட வாப்பா செல்லித் தந்தது. அவரு எல்லா மருந்துக்கும் மாஜூன் எண்டுதான் பேரு செல்லுவாரு. எல்லாரும் திண்டு பாருங்க. போதை வந்தா எனக்குச் செல்லுங்க.”

அந்தப் பக்கம் யாரோ ஜாடியை மேசைக்கு இழுக்கும் சத்தம் கேட்டது.

“தங்கச்சி,” என்றார் வீரையா. “நான் எங்க ஊரு வழக்கத்தைச் சொன்னேன்மா. மனசுல வச்சுக்காத.”

முதலில் வழித்தது அங்கமுத்து. இரண்டாவது தடவையும் அவனே. “ஐயோ, தேன்! கிளாக்கரய்யா, ஒரு வாய் போடுங்க. மலை ஏறிடலாம்.”

மயில்வாகனம் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். “உதிலை கசகசா இருக்குது.”

“இருந்தா?”

“கசகசா அபின் செடியின்ரை விதை காணும்!”

“அப்ப குருமா வைக்கிறவங்க எல்லாரும் அபின்காரங்களா? வீரையாண்ணே, ஒங்க கடைய இழுத்து மூடுங்க, பொலிஸ் வருது!”

அங்கமுத்து எழுந்து, ஒற்றைக் காலில் நின்று, கண்ணைச் செருகிக்கொண்டு தள்ளாடிக் காட்டினான். மயில்வாகனமும் சிரித்துவிட்டார். ஜாடி சுற்றி வந்து காலியாகத் திரும்பியது. ரபீகா அதை வாங்கிக்கொண்டாள். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

“சரி,” என்றார் மயில்வாகனம். “இது மருந்துதான், நான் ஒத்துக்கொள்ளுறன். ஆனால் குழுவிலை விசயம் போயிட்டுது. எனக்கு ஒரு சொல் வேணும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய, பள்ளி முற்றத்திலை வந்து, போதை தாற எதையும் ஓட்டத்துக்கெண்டு வாயிலை வைச்சதில்லை எண்டு மஹ்ரூப் ஒரு சத்தியம் பண்ணட்டும். அதோடை கதை முடிஞ்சுது. சனிக்கிழமை நானே முன்னுக்கு நிண்டு கைதட்டுவன்.”

“ஒண்ணென்ன, நூறு சத்தியம் பண்ணுவாரு எங்க ஆளு!” என்றான் அங்கமுத்து.

மஹ்ரூப் வேலை முடிந்து வந்ததும் ரபீகா வாசலிலேயே சொன்னாள். பேசப் பேச அவளுக்கே மூச்சு வாங்கியது. ஜாடி போனதையும், அங்கமுத்து தள்ளாடியதையும், கிளாக்கர் ஒத்துக்கொண்டதையும் ஒன்று விடாமல் சொல்லி, கடைசியில் சத்தியத்துக்கு வந்தாள்.

அவன் கை கழுவப் போனவன், தண்ணீர் வாளியின் பக்கத்தில் அப்படியே நின்றான்.

“என்னால ஏலா, ராத்தா.”

“எனத்த ஏலா?”

“சத்தியம்.”

அவன் குந்தி உட்கார்ந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கம்பளையில் திரும்பும் இடத்தில் அவனுக்கு வயிறு பிரட்டியது. காய்ச்சலில் விழுந்த கால் இழுத்தது. கொழும்புக்காரன் முன்னால் போய்விட்டான். மகாவலிப் பாலத்துக்குக் கிட்ட கறுப்பையா முதலாளி நின்றார். சின்னதாக ஒரு போத்தலை நீட்டினார். டொனிக் என்றார். குடித்தான். வேப்பெண்ணெய் மாதிரிக் கசந்தது.

“மறுவா காலு நோகவே இல்ல, ராத்தா. அது என்ட காலு மாதிரியே இல்ல. யாருட காலோ மிதிச்சுது, நான் மேல குந்தியிருந்தேன். பேராதனை ஏத்தம் வந்ததும் போனதும் எனக்குத் தெரியாது. அண்டைக்கு ராவு நெஞ்சு அடிச்ச அடியில மௌத்தாயிடுவேன் எண்டு நினைச்சேன். அடுத்த நாள் முதலாளிக்கிட்ட கேட்டேன், அது எனத்த மருந்து எண்டு. ஒனக்கெதுக்கு, வென்றாய்தானே எண்டாரு.”

பலகைக்கு அப்பால் யாரோ மேசை துடைத்தார்கள். ரபீகா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“தெரியாமக் குடிச்சது குத்தமா? அது போதைதான் எண்டு ஒனக்குத் தெரியுமா? தெரியாதல்லவா? பின்னே சத்தியம் பண்ணு.”

“ராத்தா.”

“மாஜூன் திண்டதுக்குத்தான் அவங்க சத்தியம் கேக்குறாங்க. அதுல பொய் இல்ல. நான் ஜாடியக் குடுத்து, வாயத் தொறந்து பேசி, அத்தனை ஆம்புளைங்களுக்கு முன்னால...” அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “நீ இப்ப மாட்டேன் எண்டா என்ட பேச்சுக்கு எனத்த பேரு?”

அவன் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டான். “அந்தாளு கேட்டது மாஜூன் எண்டில்ல. எதையும் எண்டு கேட்டாரு. நீங்கதான் இப்ப செல்லிக் காட்டினீங்க.” பிறகு மெதுவாகச் சொன்னான். “கம்பளையில வென்றது நானா அந்தப் போத்தலா எண்டு எனக்கே தெரியல்ல. தெரியாததுக்கு அல்லாஹ்ட பேரை எப்பிடி எடுக்குற?”

வியாழன் முழுவதும் ரபீகா எதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. இடியப்பத்துக்கு உப்புப் போட மறந்தாள். வீரையா கதவில் தட்டி, “தங்கச்சி, இன்னைக்கு உப்பு ஊருக்குப் போயிருச்சா?” என்று கேட்டபோது சிரிக்கவும் முடியவில்லை. மஹ்ரூப் சத்தியம் செய்தால் ஒரு பயம். செய்யாவிட்டால் இன்னொரு பயம். அவன் வாயைத் திறந்தால் முதலாளி சும்மா இருப்பாரா? சைக்கிள் அவருடையது. வேலை அவருடையது. அவன் ஓட்டத்துக்குப் போடும் சட்டையும் அவருடையது. அன்று மஹ்ரூப் வழக்கம்போல் கடையில் கம்பி சுண்டிவிட்டு வந்து, வழக்கம்போல் தூங்கினான். அவள்தான் அவன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சந்து நிறைய ஆட்கள் வந்தார்கள். பள்ளி முற்றத்தில் காத்திருந்தவர்களை மஹ்ரூப் தேத்தண்ணிக் கடைக்குக் கூப்பிட்டுக்கொண்டு வந்தான். ரபீகா பலகையில் கையை வைத்து நின்றாள். கடைக்குள் கறுப்பையா முதலாளியின் இருமலும் கேட்டது. அவரும் வந்திருந்தார்.

“ஏன் தம்பி இஞ்சை? பள்ளியிலை எண்டுதானே பேச்சு?” என்றார் மயில்வாகனம்.

“சத்தியம் பண்ணத்தான் பள்ளி வேணும், ஐயா. நான் பண்ண வரல்ல.” மஹ்ரூபின் குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. “மாஜூன்ல ஒண்டும் இல்ல. அது எங்கட ராத்தா கிண்டினது, நீங்களும் திண்டீங்க. ஆனா கம்பளையில நான் ஒரு போத்தல் குடிச்சேன். எனத்த மருந்து எண்டு தெரியாது. குடிச்ச பொறகு என்ட காலு எனக்குச் சொந்தமா இருக்கல்ல.”

எல்லாரும் ஒரேயடியாகப் பேசினார்கள்.

“பாத்தீங்களா? நான் சொன்னேனே!”

“அவனே வந்து சொல்லுறான், இன்னும் என்னாய்யா?”

“சொல்லாட்டி மாட்டிக்குவான்னு சொல்றான்!”

அங்கமுத்துவின் குரல் மட்டும் தனியாக எழும்பியது, அடிபட்ட மாதிரி. “அப்ப நான் தொண்ட கிழியக் கத்துனது போத்தலுக்காய்யா? ஏன்யா, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேய்யா!”

“அண்டைக்கு எனக்கே வெளங்கல்ல, அங்கமுத்தண்ணே.”

“ஆர் தந்தது?” என்றார் மயில்வாகனம்.

ரபீகாவின் விரல்கள் பலகையைப் பிடித்தன. இருமல் நின்றிருந்தது.

“தந்தவரைக் கேக்காதீங்க. வாங்கினது நான். குடிச்சது நான்.”

“அது போதாது. குழுவுக்குத் தெரிய வேணும்.”

“அப்ப எனக்குத் தெரியாது எண்டு எழுதிக்கங்க, ஐயா. வேற நான் செல்லமாட்டேன்.”

மயில்வாகனம் நீண்ட மூச்சு விட்டார். திட்டுவார் என்று ரபீகா நினைத்தாள். அவர் திட்டவில்லை. “சட்டப்படி நாளைக்கு உன்ரை பேரை வெட்ட வேணும், தம்பி. கம்பளைக் கோப்பையையும் நீ திருப்பித் தர வேணும். எனக்கு விருப்பமில்லை. ஆனால் வேறை வழி இல்லை.”

“ஓம்” என்றான் மஹ்ரூப். ஆமாம் என்பதை அவருடைய பேச்சிலேயே சொன்னது போல இருந்தது. ஒருத்தர் கெக்கலித்தார். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை.

பலகைக் கதவு தட்டப்பட்டது. “ராத்தா, அந்தக் கோப்பையைத் தாங்க.” அவள் அதை அலுமாரியிலிருந்து எடுத்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்திருந்தாள், முகம் தெரியும். கதவு வழியாக நீட்டியபோது அவன் கை அவள் கையில் பட்டது. குளிர்ந்திருந்தது, ஆனால் நடுங்கவில்லை. “அவன் தெரிஞ்சு குடிக்கல்ல!” என்று அந்தக் கூட்டத்துக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. அவன் சொல்லாமல் விட்டதைத் தான் சொல்லக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கதிரை ஒன்று பின்னால் நகர்ந்தது. கறுப்பையா முதலாளியின் செருப்புச் சத்தம் வாசல்வரை போய் நின்றது. “சைக்கிளைக் கடையில கொண்டாந்து வச்சிரு,” என்றார். “சட்டையையும்.” அவ்வளவுதான். அவர் வெளியே போனதும், யாரும் எதுவும் கேட்காமலே, கடையில் பாதிப்பேருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அதைப் பற்றி மட்டும் அன்று ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கட்டுக்கலையில் முக்கால்வாசி சைக்கிள் அவரிடம் வாடகைக்கு எடுத்ததுதான்.

சனிக்கிழமை போகம்பறையிலிருந்து காற்றில் கைதட்டல் வந்தது. மஹ்ரூப் வீட்டில் இருந்தான். முதலாளி கடையில் வேலை போயிருந்தது. முற்றத்தில் குந்தி, அண்டை வீட்டுக்காரர் ஒருவரின் பழைய சைக்கிளுக்கு, அவர் கேட்காமலே, சில்லு நிமிர்த்திக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கைதட்டலுக்கும் அவன் கை நின்று மறுபடி ஓடியது. ரபீகா அடுப்படியிலிருந்து பார்த்தாள். இவன் அழுதால் பரவாயில்லை, இப்படி இருந்தால் என்ன ஆகும் என்று நெஞ்சு அடித்தது.

பொழுது சாயும் நேரத்தில் பின்பக்கப் படலையை யாரோ தட்டினார்கள். அந்தப் படலைக்குக் கடைக்காரர்கள் யாரும் வந்ததில்லை. அங்கமுத்து நின்றான். சேறு படிந்த காலோடு, வேட்டியைத் தூக்கிக் கட்டியபடி. உள்ளே வரவில்லை. ரபீகா கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

“கொழும்புக்காரன்தான் வந்தான்,” என்றான் அங்கமுத்து. எங்கோ பார்த்துக்கொண்டு பேசினான். “எல்லாரும் கை தட்டுனாங்க. அவன் என்னத்தக் குடிச்சான்னு ஒரு பய கேக்கல.”

மஹ்ரூப் சில்லைச் சுற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்தான்.

“நானும் கேக்கல,” என்றான் அங்கமுத்து. “கையும் தட்டல. சும்மா நின்னேன். அதச் சொல்லத்தான் வந்தேன்.” போகத் திரும்பினான்.

“அங்கமுத்தண்ணே.”

“என்னா?”

“சிறைச்சாலைப் பக்க வளைவுல அவன் எப்பிடி வந்தான்? உள்ளால வந்தானா, வெளியால வந்தானா?”

அங்கமுத்து தலையைச் சொறிந்தான். முதலில் அவன் பதில் சொல்ல விரும்பாதவன் போல இருந்தான். பிறகு படலையின் மேல் முழங்கையை ஊன்றினான். “வெளியாலதான். ரொம்ப வெளிய. எனக்கே தோணுச்சு, இவன் ஏன் இம்புட்டுத் தூரம் சுத்தறான்னு.”

“மழை பெஞ்ச தரையில உள்ளால வந்தா வழுக்கும். அதுக்குப் பயந்தீக்கி.”

“நீங்கன்னா?”

மஹ்ரூப் கையிலிருந்த கம்பி முறுக்கும் சாவியால் மண்ணில் ஒரு வளைவு கீறினான். அங்கமுத்து அதைப் பார்க்கப் படலையைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்குள் வந்தான். இருவரும் மண்ணின் மேல் குனிந்தார்கள். பேச்சு வளர்ந்தது, குரலும் உயர்ந்தது. அங்கமுத்து கேலிக்கு அந்தப் போத்தலையும் பேச்சில் இழுத்தான். மஹ்ரூப் பதிலுக்கு ஏதோ சொன்னான். அந்த வாரத்தில் முதல் தடவையாக அவன் சிரித்தது ரபீகாவுக்குக் கேட்டது.

எந்தச் சைக்கிளில் ஓடுவான், யார் ஓடவிடுவார்கள், ஊர் அவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடும் என்று ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கவலை அவள் நெஞ்சைவிட்டு இறங்கவும் இல்லை. அடுப்பை ஊதிவிட்டு, இரண்டு பேருக்குத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.